போற வழி போட்டாச்சு, பேராண்டி… ஓடுற வழி எங்க?

வாப்பா ராசா, வா. திண்ணையில ஒக்காரு. அந்தச் சைக்கிளை மட்டும் பைய சுவத்துல சாத்து. அது விலை ஒண்ணே முக்கால் லட்சம்னு நேத்து ராத்திரி உங்க அம்மாச்சி சொன்னா. எனக்குக் குடிச்ச கஞ்சி மேல வந்திருச்சு. அந்தக் காசுக்கு என் காலத்துல ஊருக்கே மட்டக்குதிரை வாங்கி விட்டிருப்பேன். குதிரையாவது குட்டி போடும். இது என்ன போடும்?

கோவிச்சுக்காத. என் தங்கச்சி பேரனை நான் கிண்டல் பண்ணாம வேற எவன் பண்றது? மலைச் சைக்கிள் பந்தயத்துக்கு வழி போடுறீகளாம், நீயும் உன் கூட்டாளிக மூணு பேரும். 34 கிலோமீட்டராம். 300 பேரு ஓட்டப் போறாகளாம். ஆகஸ்ட் ரெண்டாவது ஞாயித்துக்கெழமையாம். பேரு வச்சாச்சு, பனியன் அடிச்சாச்சு, மெடல் வார்க்கக் குடுத்தாச்சு. வழி மட்டுந்தான் பாக்கி. நல்ல ஒழுங்குதான். நம்ம பக்கத்துல சில பேரு பொண்ணு பாக்குறதுக்கு முந்தியே பந்தக்காலு நட்ருவாங்க, அந்த மாதிரி.

எங்க, அந்தப் போனைக் காட்டு பாப்போம். ஆமா, செவப்புல ஒரு கோடு, மண்புழு நெளியிற மாதிரி. குரங்கணியில தொடங்கி, மலை நடுவுல இருக்குற சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ஒசக்க ஏறி, அங்கிட்டிருந்து மேற்குச் சரிவுல குறுக்க விழுந்து, கொட்டகுடி ஆத்துக்கு எறங்குது. பாக்க அழகாத்தான் இருக்கு. சரிவு பூராம் பச்சைப் பசேல்னு இருக்கே, இது எப்ப புடிச்ச படம்? போன கார்த்திகையா? சரித்தான். பங்குனியில அந்தச் சரிவு பத்தி மூணு நாளு எரிஞ்ச சங்கதி ஒசக்க சுத்துற உன் சாட்டிலைட்டுக்கு இன்னும் தாக்கல் போகலை போல. ஒரு கார்டு எழுதிப் போடு.

எரிஞ்ச மலையில சைக்கிள் விடக்கூடாதுன்னு நான் சொல்ல வரலை. விடலாம். நாப்பது வருசம் இந்த மலையில காப்பியும் ஏலமும் ஏத்திக்கிட்டு குதிரை ஓட்டுனவன் நான். எரிஞ்ச காட்டுலயும் ஓட்டியிருக்கேன், எரியாத காட்டுலயும் ஓட்டியிருக்கேன். ஆனா எரிஞ்ச காட்டுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. எழவு வீட்டுக்குப் போனா கொஞ்சம் சத்தத்தைக் கொறச்சுக்கிட்டுப் போறோமில்ல, அந்த மரியாதை.

இந்த மலையில உனக்கு முந்தி வழி போட்டவன் கதையைக் கேட்டுக்க. வெள்ளைக்காரன். மூணாறுல தேயிலை நட்டுட்டான், அதைக் கீழ கொண்டாரணும். மூணாத்துலருந்து குண்டளை வழியா டாப் ஸ்டேஷன் வரைக்கும் 1902-ல ஒத்தைத் தண்டவாளம் போட்டு மாட்டைக் கட்டி இழுத்தான். அது பத்தலைன்னு 1908-ல ரெண்டடி அகலத்துல குட்டி ரயிலே விட்டான். டாப் ஸ்டேஷன்லருந்து கொட்டகுடிக்குக் கம்பி வழி. தேயிலைப் பெட்டி அந்தரத்துல தொங்கிக்கிட்டே எறங்கி வரும்னு எங்க தாத்தன் சொல்லுவாரு. கீழ வந்ததும் வண்டி கட்டிப் போடிக்குக் கொண்டு போவாங்க. மலை உச்சியில டாப் ஸ்டேஷன், நடுவுல சென்ட்ரல் ஸ்டேஷன், அடிவாரத்துல பாட்டம் ஸ்டேஷன். ரயிலே எட்டிப் பாக்காத சரிவுக்கு மூணு ஸ்டேஷன் வச்ச ஊரு நம்ம ஊரு.

அவன்கிட்ட இல்லாத எஞ்சினியரா? அளக்காத அளவா? 1924-ல ஆடி மாசம் ஒரு மழை பேஞ்சுச்சு. மலையாளத்துக்காரங்க இன்னைக்கும் தொண்ணூத்தொம்பது வெள்ளம்னு சொல்லுவாங்க. அவுக வருசக் கணக்குல அது 1099. ரயிலுப் பாதையை வாரிச் சுருட்டிக்கிட்டுப் போயிருச்சு. அதுக்கப்புறம் அதை எவனும் திரும்பப் போடலை. இரும்புத் தண்டவாளத்தையே கொண்டுபோன மலையில, அதே ஆடி மாசத்துல, நீ பிளாஸ்டிக் ரிப்பனைக் கட்டி அம்புக்குறி ஒட்டப் போற. தைரியந்தான். உங்க அப்பன் வழி அது. எங்க பக்கம் கெடையாது.

அந்த 1924-லயாவது மலையில காடு இருந்துச்சு. இப்ப அந்தச் சரிவுல என்ன இருக்கு? நேத்து சாயந்தரம் உன்னையக் கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டுனேனே, அதை மறுபடியும் சொல்றேன், உன் கூட்டாளிகளுக்கும் சொல்லு. கரிஞ்ச தரையில சாம்பலைக் காலால தள்ளிட்டு, உன் பாட்டில்ல இருந்த ஆரஞ்சுத் தண்ணியை ஊத்தச் சொன்னேனா? நூத்தி இருவது ரூவாத் தண்ணின்னு மொனகிக்கிட்டே ஊத்துன. என்ன ஆச்சு? சேம்பு எலையில விழுந்த மாதிரி முத்து முத்தா உருண்டு ஓடிருச்சா இல்லையா? ஒரு சொட்டு மண்ணுக்குள்ள எறங்கலை. நாலு எட்டு தள்ளி, தீ படாத புல்லுத்தரையில ஊத்துன, சர்ருனு உறிஞ்சிக்கிச்சு.

அது என்ன மாயம்னு கேட்ட. மாயமும் இல்ல, மந்திரமும் இல்ல. எலையில, தழையில, சருகுல ஒரு மெழுகு உண்டு, பிசின் உண்டு. தீ வெக்கையில அது ஆவியாயிரும். பாதி பொகையோட வானத்துக்குப் போகும், மீதி மண்ணுக்குள்ள எறங்கும். ரெண்டு வெரக்கடை ஆழத்துல மண்ணு குளுந்திருக்கும் பாரு, அங்க போயிப் படிஞ்சு போகும். பணியாரச் சட்டியில எண்ணெய் தடவுன மாதிரி மண்ணுக்குள்ள ஒரு பூச்சு. மழை பேஞ்சா அந்தப் பூச்சுக்கு மேல இருக்குற மண்ணு மட்டும் நனைஞ்சு, கனத்து, அப்படியே வழுக்கிக்கிட்டு வரும். புடிச்சு நிறுத்த புல்லு வேரும் இல்ல, சருகும் இல்ல. நாளெல்லாம் பெய்யணும்னு இல்ல. அரை மணி நேரம் சாத்துச்சுன்னா போதும். தண்ணி வரும், பின்னாலயே சேறு வரும், அதுக்குப் பின்னால பானை பானையா கல்லு வரும், கரிக்கட்டையும் வரும். அது வர்ற வேகத்துக்கு உன் ஒண்ணே முக்கால் லட்சம் தாங்காது.

இதுல இன்னொண்ணு கவனிச்சியா? 300 சைக்கிளு ஒரே தடத்துல எறங்குனா அந்த டயரு அறுத்த கோடு என்னவா ஆகும்? வாய்க்கால். ஒரு சாண் அகலத்துல நேரா பள்ளத்தைப் பாத்து வெட்டிவிட்ட வாய்க்கால். நீங்க பந்தயம் முடிச்சு மெடலைக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் போயிருவீக. ஐப்பசியில அந்த வாய்க்கால் வழியா மலை எறங்கி எங்க வயக்காட்டுக்கு வரும். நான் மம்பட்டியோட நிப்பேன்.

அமெரிக்காவுல நடந்ததை நீதான போன்ல படிச்சுச் சொன்ன? கலிபோர்னியாவுல மாண்டிசிட்டோன்னு ஒரு ஊரு, கோடீஸ்வரங்க ஊரு. 2017 டிசம்பர்ல ஊருக்கு மேல மலை எரிஞ்சுச்சு. தீயில ஊரு தப்பிருச்சுன்னு பெருமூச்சு விட்டாங்க. 2018 சனவரி 9-ஆந்தேதி விடியறதுக்கு முன்னால ஒரு மழை. மலை சேறா எறங்கி வந்து ஊரைப் பொதைச்சுச்சு. 23 பேரு போயிட்டாங்க.

23. அதே வருசம், ரெண்டே மாசம் கழிச்சு, அதே கணக்கு நம்ம மலையிலயும் விழுந்துச்சு. அங்க சேறு, இங்க தீ.

இந்த எடத்துல நான் கிண்டல் பண்ணலை, கேட்டுக்க. 2018 மார்ச் 11, ஞாயித்துக்கெழமை. மலையேற வந்த புள்ளைக கொழுக்குமலை பக்கமிருந்து குரங்கணிக்கு எறங்கி வந்துக்கிட்டிருந்துச்சுக. சென்னைப் புள்ளைக, ஈரோடு, திருப்பூர்ப் புள்ளைக. ஆளுயரத்துக்குக் காஞ்ச புல்லு. தீ வந்துச்சு. புல்லுத் தீயை நீ பாத்ததில்ல. அது நடக்காது, ஓடாது, பாயும். சரிவுல மேல பாத்துப் பாயும்போது மனுசன் கால் அதுக்கு ஈடாகாது. புள்ளைக சிதறி ஓடுச்சுக, பள்ளத்துல விழுந்துச்சுக. நம்ம ஊருப் பயலுகதான் மொதல்ல ஏறுனாங்க. போர்வையில, வேட்டியில தூளி கட்டித் தூக்கிக்கிட்டு இருட்டுல எறங்குனாங்க. மறுநாளு ஹெலிகாப்டர் வந்துச்சு. ஆஸ்பத்திரியில ஒண்ணொண்ணாப் போயி, கடைசியில 23 உசுரு. எல்லாம் உன் வயசு. அந்த வருசமே சர்க்கார் மலையேத்தத்துக்குன்னு தனியா விதி போட்டுச்சு. 2024-லருந்து ஆன்லைன்ல பதிஞ்சு, வனத்துறை காட்டுற வழியில, கூட ஒரு வழிகாட்டியோடதான் ஏத்தி விடுறாங்க. நம்ம பக்கத்துல அந்த வழிக்குப் பேரு குரங்கணி – சாம்பலாறு. பழைய பேருதான். அந்த ஆத்துக்கு எவன் எப்ப அந்தப் பேரை வச்சானோ.

அதனாலதான் உன் கோட்டைப் பாத்ததும் மொதல்ல கேட்டேன், போறதுக்கு வழி போட்டிருக்கியே, ஓடுறதுக்கு வழி எங்கன்னு. நீ சிரிச்ச. பந்தயமே ஓடத்தான தாத்தான்ன. நான் சொல்றது வேற ஓட்டம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எனக்கு ஒரு எடம் காட்டணும். மொட்டப் பாறையா, தண்ணி ஓடுற ஓடையா, ஏற்கெனவே எரிஞ்சு ஒரு சருகுகூட மிச்சமில்லாத கருப்புத் தரையா, எதாச்சும் ஒண்ணு. தீ ஒரு தடவை சுத்தமாத் தின்ன எடத்தை மறுபடி திங்க வராது. ஆனா அங்கொண்ணும் இங்கொண்ணுமா பச்சை நிக்குற எடத்தை நம்பாத, அது அரைச்சாப்பாடு. மிச்சத்துக்குத் திரும்பி வரும். தீயைக் கண்டா மேல ஏறி ஓடாதன்னு 300 பேருக்கும் சொல்லணும். அதை அந்தப் பனியன்ல அடிச்சிருக்கலாம். ஸ்பான்சர் பேருக்கே எடம் பத்தலைன்ன.

சரி, தீ இனிமே வராதுன்னே வச்சுக்க. அணைஞ்ச தீயைப் பத்திச் சொல்றேன்.

எங்கிட்ட ஒரு குதிரை இருந்துச்சு. சாம்பல் நெறம். பேரு சாமியாரு. நெனச்ச எடத்துல நின்னு தவம் பண்ணும், அதனால அந்தப் பேரு. ஒரு சித்திரையில, சரிவு எரிஞ்சு பதினெட்டு நாளு கழிச்சு, ரெண்டு மூட்டை காப்பி ஏத்திக்கிட்டு எறங்குறேன். தடம் நல்லா இருக்கு. சாம்பல் படிஞ்சு, விபூதி கொட்டி மெழுகுன மாதிரி வழவழன்னு. நடுவுல சாமியாரு நின்னுருச்சு. தட்டுனேன், அசையலை. வஞ்சேன், காதை மட்டும் ஆட்டுச்சு. கயித்தைப் புடிச்சு இழுத்தேன், நாலு காலையும் ஊனிக்கிட்டு என்னைய ஒரு பார்வை பாத்துச்சு பாரு. வாத்தியாரு மக்குப் பயலைப் பாக்குற மாதிரி. சரி, என்னதான் இருக்குன்னு கையில இருந்த கம்பால முன்னாடி குத்துனேன். ஒரு மொழம் உள்ள போயிருச்சு. வெளிய எடுத்தா கம்பு நுனி சுடுது. ஓட்டையிலருந்து நூலு மாதிரி பொகை வருது.

என்ன விசயம்னா, அங்க முந்தி ஒரு மரம் வெட்டுன கட்டை இருந்திருக்கு. தீ கட்டையைத் தின்னுட்டு, அடங்காம வேருக்குள்ள எறங்கி, ஒவ்வொரு வேரா மண்ணுக்கடியில தின்னுக்கிட்டே போயிருக்கு. மேல பாத்தா தரை. கீழ பாத்தா சுருங்கை. கங்கு பதினெட்டு நாளாவும் சாகலை. சாமியாரு கால் வச்சிருந்தா கால் முறிஞ்சிருக்கும், நானும் பள்ளத்துல கெடந்திருப்பேன், உனக்கு இந்தக் கதை சொல்ல ஆளில்ல. குதிரைக்கு நாலு காலு, நாலும் யோசிக்கும். உன் சைக்கிளுக்கு ரெண்டே காலு, ரெண்டும் உருண்டை. முன் சக்கரம் அந்தக் குழியில எறங்குனா சைக்கிளு அங்கயே நிக்கும், நீ மட்டும் பந்தயத்துல மொதல்ல போவ.

அதனால வழி பாக்கப் போறவன் ஒரு ஆளு கம்போட முன்னால நடக்கணும். சைக்கிள்ல போயில்ல. டிரோன் பறக்க விட்டுமில்ல. டிரோனுக்குக் கம்பு ஏது?

அப்புறம் மரம். ஆகஸ்ட் ரெண்டாவது ஞாயிறுன்னா ஆடிக் கடைசி. நம்ம தேனி ஜில்லாவுல ஆடிக் காத்துன்னா என்னன்னு உனக்குத் தெரியாதா? இத்தனை காத்தாலைய இங்க வேடிக்கைக்கா நட்டு வச்சிருக்காங்க? அம்மியே பறக்குற மாசத்துல, அடி வெந்து நிக்குற மரத்துக்குக் கீழ 300 பேரை விடப் போறியா? எரிஞ்ச மரத்தை எப்படிப் பாக்குறதுன்னு சொல்றேன். கீழயிருந்து ஏறி வர்றவன் கண்ணுக்கு எல்லா மரமும் நல்லாத்தான் தெரியும். சுத்திப் போயி மேட்டுப் பக்கம் பாக்கணும். சருகு உருண்டு வந்து மரத்தோட மேட்டுப் பக்கந்தான் சேரும், தீ அங்கதான் நின்னு திங்கும். அங்க பொந்து விழுந்திருந்தா அது மரமில்ல, நாளு குறிச்ச பொணம். காத்தே இல்லாத மத்தியானத்துலகூட விழும். ஒரு பனை உசர மரம்னா ஒண்ணரைப் பனை தூரம் தள்ளிப் போயிரு. விழும்போது பக்கத்து மரத்தையும் சேத்து இழுத்துக்கிட்டு விழும்.

உன்னிச்செடி, மூங்கி எல்லாம் எரிஞ்சா அடிக்கட்டை சீவி வச்ச பென்சில் மாதிரி நிக்கும். உன் டயருல டியூபுக்குப் பதிலா என்னமோ பால் ஊத்தியிருக்கேன், ஓட்டை விழுந்தாலும் தானா அடைச்சுக்கும்ன. ரொம்பச் சந்தோசம். விழுற ஆளோட வயித்துக்கும் அந்தப் பால் ஊத்த முடியுமான்னு கம்பெனிக்காரங்ககிட்ட விசாரி.

தீக்குப் பின்னால மொத மழை பட்டதும் இளம்புல்லு கெளம்பும். நமக்குத்தான் அது எரிஞ்ச காடு. காட்டுமாட்டுக்கும் கடமானுக்கும் அது கல்யாணப் பந்தி. நாங்க குதிரைக்கு மணி கட்டி விட்டது சிங்காரத்துக்குன்னு நெனச்சியா? வர்றோம், வழி விடுன்னு சொல்லத்தான். அரை பர்லாங்குலயே அதுக ஒதுங்கிக்கும். உன் சைக்கிளு பூனை மாதிரி சத்தமே இல்லாம அறுவது மைல் வேகத்துல… சரி, முப்பது… திருப்பத்துல திரும்பி ஒரு காட்டுமாட்டுக்கு முன்னால போயி நிக்கும். அது நின்னு கை தட்டாது. எதுக்கும் ஒரு மணி கட்டு. மெக்கானிக் சிரிப்பான், கட்டு.

நீ ஒரு தாளு காட்டுனியே, எனக்கு எது நடந்தாலும் நானே பொறுப்புன்னு 300 பேருகிட்டயும் கையெழுத்து வாங்குறது. அதைப் படிச்சுட்டுத்தான் எனக்குச் சிரிப்புத் தாங்கலை. உருண்டு வர்ற கல்லு அந்தத் தாளை வாங்கிப் படிச்சுப் பாத்துட்டு, ஓகோ கையெழுத்துப் போட்டவனான்னு ஒதுங்கிப் போகுமா? அதோட, அவன் பொறுப்பு அவன் விழுற வரைக்குந்தான். விழுந்ததுக்கப்புறம் அவனைத் தூக்க வேண்டியது எங்க ஊரு ஆளுக. அந்தச் சரிவுலருந்து ஒருத்தனைத் தூளியில எறக்கணும்னா நாலு பேரு தோள் குடுக்கணும், மாத்திக்க இன்னொரு நாலு பேரு வேணும். எட்டுப் பேரு. ஒரே நேரத்துல மூணு பேரு விழுந்தா 24. அந்த நேரத்துல ஊருல 24 ஆம்பளை இருப்பானான்னு பாத்தியா? பாதிப் பேரு ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல போயிருப்பான். இங்க ஒசக்க இருக்குற ஊருகள்ல பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்குமே தூளிதான் கட்டுறோம், ரோடு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. அந்தத் தாள்ல எங்களுக்கும் ஒரு எடம் விடு, நாங்களும் கையெழுத்துப் போடணுமில்ல?

மூஞ்சியைத் தொங்கப் போடாத. பந்தயத்தை விட்ரச் சொல்லலை. சுருக்கச் சொல்றேன், தள்ளச் சொல்றேன். சுருக்குறது கேவலமில்ல. தென்னாப்பிரிக்காவுல கேப் டவுன்ல வருசா வருசம் ஒரு சைக்கிள் ஓட்டம், 109 கிலோமீட்டரு, ஆயிரக்கணக்குல வருவாங்கன்னு நீதான சொன்ன? 2015 மார்ச்சுல அங்க மலை எரிஞ்சுச்சு. வேரு போன கல்லு ரோட்டுல உருளும்னு பயந்து, 47 கிலோமீட்டரா வெட்டிட்டாங்க. அம்புட்டுப் பேரும் ஓட்டிட்டு வீட்டுக்குப் போனாங்க. எவனும் மிச்சம் 62 கிலோமீட்டருக்குக் காசைத் திருப்பிக் குடுன்னு சண்டைக்கு வந்தானான்னு தெரியாது. வந்திருந்தாலும் உசுரோட வந்திருப்பான்.

அதே மாதிரி நீயும் போடு. போடியிலருந்து குரங்கணி வரைக்கும் 16 கிலோமீட்டரு ரோடு இருக்கு. ஆத்தோரம், மாந்தோப்பு, எலவ மரம், நல்லா ஏத்தம் எறக்கமா இருக்கும். அதுல விடு. காலையில மட்டும் வேணாம். அஞ்சு மணிக்கே தோட்டத்துக்கு ஆளு ஏத்துற ஜீப்பு கெளம்பிரும். அந்த டிரைவருக வளைவுல திருப்புறதைப் பாத்தா உன் 300 பேரும் பந்தயத்தை விட்டுட்டு அவன்கிட்ட சீடனாச் சேந்துருவாங்க. குரங்கணிக்கு மேல, எரியாத பக்கமா எங்க பழைய குதிரைத் தடம் கொஞ்சம் இருக்கு. கொண்டை ஊசி கொண்டை ஊசியா வளைஞ்சு வளைஞ்சு ஏறும். குதிரை போட்ட வழி அது. மழைத் தண்ணி குறுக்க ஓடி வெளிய போற மாதிரி சாஞ்சிருக்கும். நேரா எறங்குனா வேகமா இருக்கும்னு வனத்துறை வெட்டி வச்ச தீத்தடுப்புக் கோட்டுல எறக்கலாமான்னு உன் கூட்டாளி கேட்டான். அவனை வீட்டுக்குக் கூட்டிட்டு வா, காப்பித்தண்ணி போட்டுத் தர்றேன். அந்தக் கோடு தீ நிக்குறதுக்கு வெட்டுனது. அதை உழுது விட்டா அடுத்த மாசி, பங்குனியில தீ எங்க நிக்கும், அவன் வீட்டு வாசல்லயா?

ரேஞ்சர் ஆபீசுக்கு மொதல்ல போயிரு. எல்லாம் முடிவு பண்ணிட்டு கடைசியா ரப்பர் ஸ்டாம்புக்குப் போறதா இருக்காத. அது காப்புக்காடு, 1882-லயே சட்டம் போட்டு வச்சிருக்காங்க. அங்க இருக்குற காவக்காரப் பயலுக, ராவும் பகலும் தழையை ஒடிச்சுக்கிட்டுத் தீயை அடிச்சவனுக. எந்தப் பள்ளத்துல இன்னும் கங்கு கெடக்கு, எந்த மரம் சாயப் போகுதுன்னு அவனுகளுக்குத்தான் தெரியும். முதுவாக்குடிப் பெரியவரு ஒருத்தரையும் கூட்டிக்க. அவரு அதிகம் பேச மாட்டாரு. ஒரு எடத்துல நின்னு மண்ணை மோந்து பாத்துட்டு வேற பக்கம் திரும்புவாரு. ஏன்னு கேக்காம நீயும் திரும்பு.

தண்ணிப் பந்தல் வைக்குற எடத்துல அடுப்பு கூடாது, பீடி கூடாது. காலி பாட்டிலைக் காட்டுல வீசுறவனுக்கு மெடல் கெடையாது, எம்புட்டு வேகமா வந்தாலும்.

தேதி? ஆடி வேணாம். ஐப்பசியும் வேணாம், அடைமழை. எரிஞ்ச மண்ணு முழுசா ஒரு மழைக்காலத்தைக் குடிக்கட்டும். எது வழுக்கும், எது நிக்கும்னு மலையே காட்டிரும். முடிஞ்சா ரெண்டாவது மழைக்காலமும் போகட்டும், புல்லு வேரு புடிச்சிரும், சாயுற மரம் பாதி சாஞ்சிரும். அப்புறம் தை மாசத்துல வை. மாசி பொறந்தா மறுபடி தீக்காலம்.

இப்ப நீ செய்ய வேண்டியது இம்புட்டுத்தான். ஐப்பசியில மொத பெரிய மழை விட்ட மறுநாளு வெள்ளன வந்திரு. சைக்கிளு வேணாம், போன்ல சார்ஜ் வேணாம். கொடையும் கம்பும் நான் எடுத்து வைக்குறேன், முட்டிவலி விட்டா நானே முன்னால நடக்குறேன். அதுக்குள்ள அந்த மெடல் வார்க்குற கடைக்கு மட்டும் இன்னைக்கே ஒரு போன் போட்டு, தேதியை அடிக்க வேணாம்னு சொல்லிரு.